கூட்டுக் கதவைத் திறப்பதற்கு முன்: திருகோணமலை வீடுகளில் கினிப் பன்றிகளை நடமாட விடுதல்

கினிப் பன்றி வாங்கிய வீடுகளில் முதல் கிழமையிலேயே யாராவது ஒருவர் மனமிரங்கி விடுவார். "பாவம், நாள் முழுக்கக் கூட்டுக்குள்ளேயே கிடக்குது" என்று அதைத் தூக்கி ஹோலின் நடுவில் இறக்கிவிடுவார். அது இரண்டு விநாடி கல்லாக நிற்கும். பிறகு சுவரோரம் பாய்ந்து அலுமாரிக்கு அடியில் புகுந்துவிடும். எத்தனை முறை அழைத்தாலும் பொழுதுபடும்வரை வராது. "இதுக்கு வெளியில் வரப் பிடிக்கேல்ல" என்று முடிவு கட்டி, கூட்டை மறுபடி பூட்டிவிடுவார்கள்.

அந்த முடிவு தவறானது. அதற்கு நடமாடப் பிடிக்கும், வெட்டவெளியில் நிற்கத்தான் பிடிக்காது. இதன் காட்டு உறவுகள் தென் அமெரிக்கப் புல்வெளிகளில் சிறு கூட்டங்களாக வாழ்பவை. உயர்ந்த புல்லுக்குள் தாங்களே மிதித்து உண்டாக்கிய ஒற்றையடித் தடங்களில் ஓடி, ஒரு மறைவிலிருந்து அடுத்த மறைவுக்குப் போவதுதான் அவற்றின் நடமாட்டம். அந்திஸ் மலை மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே வீட்டில் வளர்க்கத் தொடங்கியும் இந்தப் பயம் போகவில்லை. கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் மேலிருந்தும் பின்னாலிருந்தும் வருவதைக் காணும்; ஆனால் தூரத்தையும் உயரத்தையும் சரியாகக் கணிக்காது. பத்தடிக்குப் பத்தடி வெறும் தரை அதற்குப் பருந்தின் கண்ணில் படும் இடம்.

ஆகவே வீட்டில் நடமாட விடுவதென்றால் தரையை அதற்கேற்ப ஒழுங்கு செய்ய வேண்டும். சுவரோரமாக ஒரு பாதையும், மீற்றருக்கு ஒரு மறைவும், புல் கிடக்கும் மூலையும், குளிர்ந்த இடமும் வேண்டும். இவை அமைந்த அறை சிறிதானாலும் முழுவதும் பயன்படும். இவை இல்லாவிட்டால் பெரிய ஹோலிலும் அலுமாரிக்கு அடிதான் மிஞ்சும்.

திருகோணமலையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடைகளில் கினிப் பன்றிக்கென்று விற்கும் கூடுகளில் பல உண்மையில் பறவைக் கூடுகள். கம்பித் தரை, குறுகிய இடம். தகரக் கூரையின் கீழ் மே மாதத்து மத்தியானத்தில் அந்தக் கூடு வெப்பம் தேங்கும் பெட்டியாகிவிடும். உள்ளே இருப்பதற்கு விலகிப் போக வழியில்லை. தரையில் நடமாடும் விலங்கு தானே குளிர்ந்த இடத்தைத் தேடிப் படுக்கும். நம் ஊரில் இவற்றைத் தரையில் விடுவதன் முதல் நன்மை இதுதான் என்பது எங்கள் கருத்து. ஓடி விளையாடுவதெல்லாம் அதற்குப் பின்னால்.

எந்த அறை, எந்த ஓரம்

முதலில் ஒரே ஒரு அறை. குசினி கூடாது: சூடான எண்ணெய், வெங்காயத் தோல், எலி மருந்து, காஸ் சிலிண்டருக்குப் பின்னுள்ள இடுக்கு எல்லாம் அங்கேதான். விறாந்தையும் கூடாது, அது கிரில் அடித்த விறாந்தையாக இருந்தாலும். கிரில் கம்பி இடைவெளியில் பூனை தாராளமாக நுழையும், காகம் நுழையும், கீரியும் நுழையும். மேல்மாடி வீடென்றால் கீழ்த்தளத்து அறையே நல்லது. தகரமோ அஸ்பெஸ்டஸோ நேராகத் தலைக்கு மேல் இல்லாத அறையாகப் பாருங்கள்.

அறையைத் தேர்ந்ததும் தரையில் குப்புறப் படுத்து ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாத ஓட்டைகள் அப்போது தெரியும். தலை போகும் இடத்தில் உடலையும் நுழைத்துவிடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். வளர்ந்ததற்கு ஐந்து சென்ரிமீற்றர் இடுக்கும், குட்டிக்கு அதில் பாதியும் ஆபத்து. கதவுக்குக் கீழுள்ள இடைவெளியை மரச்சட்டமோ ரப்பர் பட்டியோ அடித்து மூடுங்கள். தண்ணீர் வெளியேறும் துவாரத்துக்கு ஒரு சென்ரிமீற்றருக்கு மேற்படாத கண்ணுள்ள கம்பி வலை வேண்டும். சாரைப்பாம்பும் எலியும் வீட்டுக்குள் வரும் வழி பெரும்பாலும் இந்தத் துவாரமும் கதவிடுக்கும்தான். சாரைப்பாம்புக்கு நஞ்சில்லை என்று விட்டுவிடக் கூடாது. குட்டிக் கினிப் பன்றி அதற்கு எலியைப் போன்ற இரைதான்.

குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத்தைச் செங்கல் அடுக்கியோ பலகை வைத்தோ அடைத்துவிடுங்கள். அங்கே சூடும் வயரும் ஒன்றாக இருக்கின்றன. வயர் கடிப்பது வீட்டுக்குள் நடமாடும் கினிப் பன்றிகளுக்கு வரும் பெரிய விபத்துகளில் ஒன்று. பற்கள் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது அரைத்தபடியே இருக்க வேண்டிய விலங்கு இது. 230 வோல்ட் வயர் அதற்கு இன்னொரு தண்டு, அவ்வளவுதான். தரையிலிருந்து 30 சென்ரிமீற்றருக்குக் கீழே ஒரு வயரும் தொங்கக் கூடாது. தூக்கிக் கட்ட முடியாததைப் பிவிசி குழாய்க்குள் விட்டுச் சுவரில் ஆணிப்பட்டி போட்டு இறுக்குங்கள். "வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே" என்று சொல்பவர்கள் உண்டு. மின்சாரம் நிலத்துக்குக் கசியும்போதுதான் அந்தச் சுவிட்ச் விழும். இரண்டு கம்பிகளும் ஒரே வாய்க்குள் அகப்பட்டு, கரண்ட் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாய்ந்தால் அது விழாமலே இருக்கலாம். கைத்தொலைபேசி சார்ஜர் வயரையும் மறக்காதீர்கள். கதிரையில் இருந்து தொங்குவது பெரும்பாலும் அதுதான்.

சாடியில் மணி பிளான்ட், டிஃபென்பாக்கியா, அரளி இருந்தால் அறையை விட்டு அகற்ற வேண்டும். உதிர்ந்த ஒரு இலையும் வாய்க்கு எட்டக் கூடாது. எறும்பு மருந்தும் எலிப் பாஷாணமும் வைத்த அறையில் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள்.

இனி மறைவுகள். விலங்கொன்றுக்கு ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று. இரண்டு இருந்தால் மூன்று மறைவுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் வேண்டும்; ஒற்றை வாசலென்றால் வலுவானது வாசலில் குந்திக்கொண்டு மற்றதை உள்ளே சிறை வைக்கும். சீப்பு வாழைப்பழம் வரும் காட்போட் பெட்டி, கால் உயரமான மர ஸ்டூல், ஆறு அங்குலப் பிவிசி குழாயின் ஒன்றரை அடித் துண்டு எல்லாம் நல்லவை. நான்கு அங்குலக் குழாயில் கொழுத்த ஆண் சிக்கிக்கொள்ளும். பெட்டியில் ஸ்டேப்பிள் ஊசியும் பசைநாடாவும் இருந்தால் பிடுங்கிவிட்டு வையுங்கள். எல்லாவற்றையும் சுவரோடு ஒட்டி, ஒன்றின் வாசலில் நின்றால் அடுத்ததன் வாசல் தெரியும்படி வைக்க வேண்டும். தூரம் ஒரு மீற்றருக்குள் இருந்தால் முதல் நாளிலேயே ஓடிப் பழகும்.

பாதமும் தரையும்

கினிப் பன்றியைத் தூக்கிப் பின்னங்காலைத் திருப்பிப் பாருங்கள். மயிர் இல்லாத, மெல்லிய, இளஞ்சிவப்பான தோல். நாய்க்கு இருப்பதுபோன்ற தடித்த மெத்தைப் பாதம் இல்லை. ஒரு கிலோ எடை முழுவதும் அந்தத் தோலில்தான் நிற்கிறது. ஈரமும் உரசலும் சேர்ந்தால் முதலில் அது பளபளவென்று சிவக்கும். பிறகு மயிர் எல்லை பின்வாங்கும், தோல் தடிக்கும், வெடிக்கும். அதற்குள் கிருமி போனால் புண் எலும்புவரை இறங்கும். அந்த நிலையில் குணமாக்குவது மாதக் கணக்கில் இழுக்கும். ஆகவே கிழமைக்கொருமுறை காலைத் திருப்பிப் பார்ப்பது கட்டாயம்.

நம் வீடுகளின் மினுக்கிய சீமெந்துத் தரையும் டைல்ஸும் கோடைக்கு வரப்பிரசாதம், ஓடுவதற்கு அல்ல. வழுக்கும்போது பின்னங்கால்கள் இரண்டு பக்கமும் அகன்று இடுப்பு நோகும். அதனால் தரை முழுவதையும் மூட வேண்டாம், முழுவதையும் வெறுமையாக விடவும் வேண்டாம். ஓடும் பாதை நெடுகப் பழைய பருத்தி விரிப்பை இரண்டாக மடித்துப் போடுங்கள். மத்தியானம் படுக்கும் மூலையில் ஒரு சதுர மீற்றர் வெறும் தரையாக விடுங்கள். பன்பாய் நல்ல விரிப்பு, சாயம் ஏற்றாததாக இருந்தால். கடித்தாலும் கெடுதியில்லை, ஆனால் நனைந்தால் நாறும் என்பதால் ஓய்விடத்துக்கு மட்டும். தும்புக் கால்துடைப்பானும் சணல் சாக்கும் வேண்டாம்: ஒன்று பாதத்தை உரசும், மற்றதன் நூல் விரலில் சுற்றி இரத்தத்தை நிறுத்தும். துவாயின் நூல் வளையங்களிலும் நகம் மாட்டும்.

கடற்கரை மணலைக் கொட்டி வைத்தால் வசதி என்று உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சிலர் செய்கிறார்கள். மணல் கண்ணுக்குள்ளும் பிறப்புறுப்பின் மடிப்புக்குள்ளும் போய் அடைத்துக்கொள்ளும். உப்பும் சேர்ந்து அங்கே புண்ணாகும். மர ஆலைத் தூளின் நுண்துகள் மூச்சுக்குள் போகும். இரண்டும் கூடாது.

எங்கே கழிக்கும்

பூனையைப்போல முழுமையாகப் பழக்க முடியாது. இதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் மனத்தாங்கல் வராது. ஒரு கினிப் பன்றி நாளொன்றுக்கு நூறுக்கு மேல் புழுக்கை போடும், நடக்கும்போதே போடும். அவை உலர்ந்தவை, காலையும் மாலையும் தும்புத்தடியால் கூட்டி அள்ளினால் சரி. ஆனால் சிறுநீருக்கு இடம் உண்டு. இருட்டான மூலையில், அல்லது புல்லைத் தின்றுகொண்டே, அதைக் கழிக்கும். இந்த இரண்டையும் ஒன்றாக்குவதுதான் வித்தை.

அறையின் மறைவான மூலையில் 60க்கு 40 சென்ரிமீற்றர் அளவில், ஏழெட்டு சென்ரிமீற்றர் விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டு ஒன்று வையுங்கள். அடியில் நான்கைந்து தாள் பழைய பத்திரிகை, மேலே பருத்தித் துணி, அதற்கு மேல் ஒரு கைப்பிடி காய்ந்த புல். புல் போடும் கூடையைத் தட்டுக்கு மேலே, உள்ளே ஏறி நின்றால்தான் எட்டும்படி சுவரில் மாட்டுங்கள். தின்னப் போனது அங்கேயே இருந்து தின்னும், அங்கேயே கழிக்கும். தட்டைச் சுத்தம் செய்யும்போது நனைந்த புல்லில் ஒரு பிடியைத் திரும்ப அதிலேயே விட வேண்டும், மணம் போனால் புது இடம் தேடும். வேறொரு மூலையைப் பிடித்துவிட்டால் அடிக்கவோ அதட்டவோ வேண்டாம், தட்டை அந்த மூலைக்கு நகர்த்துங்கள். அல்லது அங்கே இன்னொரு தட்டு.

சிறுநீரில் சுண்ணச் சத்து அதிகம். காய்ந்தால் வெள்ளையாகப் படியும். டைல்ஸில் வினாகிரியும் தண்ணீரும் சரிக்குச் சரி கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்தால் போய்விடும். சிவப்புச் சீமெந்துத் தரையில் அதைச் செய்யாதீர்கள், புளிப்பு சீமெந்தை அரித்துப் பளபளப்பைக் கெடுக்கும். அங்கே சவர்க்காரத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். பினாயில் நாற்றத்தில் கினிப் பன்றி இருக்கவே கூடாது. பிளீச்சைச் சிறுநீர் கிடக்கும் தரையிலோ வினாகிரியோடோ சேர்த்தால் நச்சு வாயு எழும். அது மனிதருக்கும் ஆபத்து.

கச்சான் காலம்

இந்த விலங்குக்கு இதமான வெப்பம் 18 முதல் 24 பாகை செல்சியஸ். 27ஐத் தாண்டினால் கவனம் வேண்டும், 30ஐத் தாண்டினால் உயிருக்கே அச்சம். வியர்வை கிடையாது, நாயைப்போல இரைத்துச் சூட்டைத் தணிக்கவும் முடியாது. திருகோணமலையிலோ மே முதல் செப்ரெம்பர் வரை நடுப்பகல் 33, 35 என்று நிற்கும். மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் நாளில் காற்றே சுடும். அப்படியிருந்தும் இங்கே இவை நன்றாக வாழ்கின்றன என்றால், நிழலில் இருக்கும் தரையின் வெப்பம் நம் தலைமட்டத்து வெப்பத்தைவிடக் குறைவு என்பதே காரணம். எனவே வெப்பமானியைச் சுவரில் மாட்டாதீர்கள். விலங்கு படுக்கும் இடத்தில், தரையில் வையுங்கள். அந்த அளவுதான் கணக்கு.

ஓட விடும் நேரம் விடிந்ததிலிருந்து எட்டு, எட்டரை வரை. பிறகு பொழுதுபட்ட பின். இடைப்பட்ட நேரத்தில் அதைக் குளிர்ந்த மூலையில் சும்மா படுக்க விட வேண்டும். பிள்ளைகள் பாடசாலை விட்டு வந்ததும் தூக்கி விளையாடக் கேட்கும் இரண்டு மணிதான் நாளிலேயே மோசமான நேரம். மேற்குப் பக்க ஜன்னல்களைப் பத்து மணிக்கே சாத்தித் திரையை இழுத்துவிடுங்கள். கச்சான் காற்று உலர்ந்த காற்று என்பதால் ஈரச் சாரம் ஒன்றை ஜன்னலில் தொங்கவிட்டால் உள்ளே வரும் காற்று தெளிவாகக் குளிரும். இதே தந்திரம் நவம்பர், டிசெம்பரில் பலிக்காது. ஈரக் காற்றில் துணியின் நீர் ஆவியாகாமல் அறையை இன்னும் புழுக்கமாக்கும்.

ஒன்றரை லீற்றர் போத்தலில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர் விட்டு உறைய வைத்து, பழைய காலுறைக்குள் போட்டு, மறைவின் சுவருக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் விலகிப் போக இடமிருக்காது. இரண்டு போத்தல் இருந்தால் மாற்றி மாற்றி வைக்கலாம். கரண்ட் போகும் நாளுக்கும் உதவும். மின்விசிறியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. வியர்க்காத உடலில் விசிறிக் காற்று பட்டு நமக்குப்போலக் குளிர்ச்சி உண்டாகாது. விசிறி அறைக் காற்றைச் சுழற்றினால் போதும், நேராகத் திருப்பிவிடத் தேவையில்லை. ஈரத் துணியையோ உறைந்த போத்தலையோ தாண்டி வரும் காற்றென்றால் பயன் உண்டு.

தண்ணீர் இரண்டு இடத்தில். ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு ஏறத்தாழ 100 மில்லிலீற்றர் குடிக்கும், கோடையில் இன்னும் கூட. கவிழாத கனமான மண்சட்டி நல்லது. போத்தல் மாட்டினால் குழாய் நுனிக் குண்டு அசைகிறதா என்று தினமும் விரலால் தட்டிப் பாருங்கள். பாசி பிடித்து இறுகிவிட்டால் போத்தல் நிறையத் தண்ணீர் இருந்தும் விலங்கு தாகத்தில் கிடக்கும். நீள மயிர் வகையென்றால் பின்புறத்தையும் வயிற்றுப் பக்கத்தையும் கத்தரியுங்கள். சூட்டுக்கென்று குளிப்பாட்டுவது வேண்டாம்.

வெப்பம் தாக்கியதை இப்படி அறியலாம்: வழக்கமாகக் கால்களை மடக்கிக் குந்தியிருப்பது பக்கவாட்டில் நீட்டிக் கிடக்கும், வேகமாக மூச்சு வாங்கும், வாயோரம் எச்சில் நனைந்திருக்கும், காது சிவந்து சுடும், தட்டினாலும் எழும்பாது. உடனே குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய், சாதாரணக் குழாய்த் தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் நான்கு பாதங்களையும் ஒற்றுங்கள், வயிற்றுக்குக் கீழே ஈரத் துணியை விரியுங்கள். ஐஸ் தண்ணீரில் அமிழ்த்தாதீர்கள்; தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, சூடு உள்ளேயே தங்கிவிடும், அதிர்ச்சியும் சேரும். தலை தூக்கத் தொடங்கினால் வாயருகே தண்ணீர் வையுங்கள், ஊற்ற வேண்டாம், புரையேறும். எழும்பி நடந்தாலும் அன்றே மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

மாரியில் சிக்கல் வேறு. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை தரை வியர்த்து ஈரமாகவே கிடக்கும், துணி காயாது. பாதப் புண்ணும் படர்தாமரையும் சொறியும் அப்போதுதான் வரும். படர்தாமரை கைக்கும் ஒட்டும். விரிப்பை இரண்டு மடங்கு எண்ணிக்கையில் வைத்திருங்கள். காய்ந்ததை மட்டுமே போடுங்கள். நுளம்பும் அந்தக் காலத்தில்தான். நுளம்புத்திரியையும் சாம்பிராணியையும் அறைக்கு வெளியே வையுங்கள், புகை தேங்கும் மூடிய அறையில் இவற்றின் சுவாசம் உடனே பாதிக்கப்படும். டெங்குக்குப் புகையடிக்க வந்தால் கினிப் பன்றிகளை, புல்லை, தண்ணீர்ச் சட்டியை வேறிடத்துக்கு எடுத்துவிட்டு, புகை முழுவதும் அடங்கித் தரையைத் துடைத்த பின்னரே திரும்ப விடுங்கள்.

புல்லும் கொய்யாவும்

தீனியில் முக்கால் பங்குக்கு மேல் புல்லாக இருக்க வேண்டும், அது எந்நேரமும் கிடக்க வேண்டும். இறக்குமதியாகும் திமொத்திப் புல்லுக்குக் கொடுக்கும் விலையைப் பார்த்துவிட்டு வெறும் கரட்டையும் பாணையும் போடுகிறவர்களைக் காண்கிறோம். தேவையே இல்லை. தெருவோரமெல்லாம் வளரும் கினிப் புல் நல்ல தீனி. பூக்கும் முன், முழங்கால் உயரத்தில் அறுங்கள். அறுகும் நல்லது. எங்கே அறுக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. பிரதான வீதியோரம் வேண்டாம். தம்பலகாமம் வயல் வரம்புகளில் களைநாசினி தெளித்திருப்பார்கள். கோட்டைப் பக்கமும் கடற்கரையோரமும் மான்கள் மேயும் புல்வெளியில் உண்ணி வரும். புல்வெட்டும் இயந்திரத்தால் நசுக்கியதும், குவித்து வைத்துச் சூடேறியதும் வயிற்றில் புளித்து ஊதவைக்கும். கத்தியால் அறுத்து, கழுவி, ஈரம் வடியவிட்டுப் போடுங்கள். கச்சான் காலத்தில் நிழலில் பரப்பினால் இரண்டு நாளில் காய்ந்துவிடும். அதைப் பருத்திச் சாக்கில் கட்டித் தொங்கவிட்டால் மாரிக்கு ஆகும். பொலித்தீன் பையில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். வைக்கோல் படுக்கைக்கு மட்டும்; தீனியாக அதில் சத்துப் போதாது.

நம்மைப்போலவே கினிப் பன்றியின் உடலும் விற்றமின் சியை உண்டாக்காது. ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். தோலோடு பெருவிரல் அளவு கொய்யாத் துண்டில் அது அடங்கிவிடும், 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. குடைமிளகாயும் கொடுக்கலாம், அதில் சீனி குறைவு என்பதால் தினமும் கொடுக்க அதுவே மேல். வல்லாரை, கங்குன் சிறிதளவு. முயல் தீனியில் விற்றமின் சி சேர்ப்பதில்லை. கோழித் தீனி ஒருபோதும் கூடாது. சி குறைந்தால் முதலில் தெரிவது நடமாட்டத்தில்தான்: ஓடிக்கொண்டிருந்தது ஒரே இடத்தில் குந்தும், மூட்டு வீங்கும், தொட்டால் கத்தும். "சோம்பல் வந்துவிட்டது" என்று விட்டுவிடாதீர்கள்.

துணை

தனியாக ஒன்றை வளர்க்கக் கூடாது. சுவிட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு ஒழுங்கு இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறது. ஒன்றாக இருக்கும்போது தரையில் இறங்கும் துணிவும் கூடும். ஒன்று முன்னே போனால் மற்றது பின்னே வரும். ஆனால் ஆணும் பெண்ணும் ஒரே தரையில் ஓடினால் இரண்டு மாதத்தில் குட்டிகள் நிற்கும். கர்ப்பம் 59 முதல் 72 நாள், ஈன்ற சில மணி நேரத்திலேயே மறுபடி சினைப்படும். குட்டி ஆணை மூன்று கிழமையில் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். ஏழெட்டு மாதம்வரை ஈனாத பெண்ணின் இடுப்பெலும்பு இறுகிவிடுவதால், அதன் பின் வரும் முதல் பேறு உயிராபத்தானது. கடையில் "இரண்டும் பெண்" என்று சொன்னதை நம்பாமல் தெரிந்தவரிடம் காட்டி உறுதிப்படுத்துங்கள். இரண்டு ஆண்கள் ஒத்துப்போகும், பெண்ணின் மணம் அதே அறையில் இல்லாவிட்டால். முயலோடு சேர்த்து விடாதீர்கள். அதன் ஒரு உதையில் முதுகெலும்பு முறியும், முயலுக்கு ஒன்றும் செய்யாத நுரையீரல் கிருமி கினிப் பன்றியைக் கொல்லும்.

இறக்கிவிடுவது எப்படி

முதல் மூன்று நான்கு நாள் அறையின் மூலையில் 40 சென்ரிமீற்றர் உயரத் தடுப்புக்குள் மட்டும். ஒரு சதுர மீற்றர் போதும், இரண்டு மறைவுகள், புல் தட்டு, தண்ணீர். அந்த உயரத்தை இவை தாண்டாது. பூனை தாண்டும் என்பதால் அறைக்கதவு சாத்தியே இருக்க வேண்டும். இலையைக் கையிலிருந்து வாங்கித் தின்னத் தொடங்கிய பிறகு தடுப்பின் ஒரு பக்கத்தைத் திறந்து, சுவரோரமாக ஒரு மீற்றரில் அடுத்த மறைவை வையுங்கள். தூக்கி வெளியே விடாதீர்கள், தானாக வரட்டும். அந்த மறைவுவரை தயங்காமல் போய்வரத் தொடங்கினால் இன்னொன்று. இப்படி அறையைச் சுற்றிவர இரண்டு மூன்று கிழமை எடுக்கும். ஓடும் வழியில் திடீரென்று நாலு காலும் கிளம்பத் துள்ளுவதைக் கண்டால் அதற்கு மகிழ்ச்சி. கல்லாக நின்றால் ஏதோ சத்தம் கேட்டிருக்கிறது, நீங்களும் அசையாதீர்கள்.

திரும்ப அடைக்கத் துரத்தக் கூடாது. ஒருநாள் துரத்தினால் ஒரு கிழமைப் பழக்கம் போய்விடும். இலை போடும்போதெல்லாம் தட்டில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். சில நாளில் அந்தச் சத்தத்துக்கே கீச்சிட்டுக்கொண்டு தடுப்புக்குள் வரும். தூக்க வேண்டியிருந்தால் ஒரு கை நெஞ்சுக்குக் கீழ், மற்றது பின்புறத்துக்குக் கீழ். பிள்ளைகள் தரையில் அமர்ந்தபடிதான் வைத்திருக்க வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலே பல்லும் காலும் முறியும்.

பாம்பையும் பூனையையும் போலவே வீட்டுக்குள் உயிரை எடுக்கக்கூடியது மனிதரின் கால். கதவை வேகமாகச் சாத்துவது, சாய்மனைக் கதிரையை இழுப்பது, இருட்டில் நடப்பது. விட்டிருக்கும் நேரத்தில் அறைக் கதவில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள், வீட்டுக்கு வருபவருக்கும் தெரியும். ஆடுகதிரை அந்த அறையில் இருக்கவே கூடாது. இரவில் தடுப்புக்குள், மேலே வலை மூடி. ஆனால் புல்லும் தண்ணீரும் உள்ளே இருக்க வேண்டும், இவை இரவிலும் விட்டுவிட்டு விழித்துத் தின்னும்.

தராசும் வைத்தியரும்

தரையில் நடமாடும் இரண்டில் எது தின்றது, எது தின்னவில்லை என்று பார்த்துச் சொல்வது கடினம். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்துக் கிழமைக்கொருமுறை ஒரே நேரத்தில் நிறுத்துக் கொப்பியில் எழுதுங்கள். வளர்ந்தது 700 கிராமுக்கும் 1,200க்கும் இடையில் இருக்கும். 50 கிராம் குறைந்தால் தினமும் நிறுக்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வைத்தியரிடம் போக வேண்டும். அரை நாள் ஒன்றும் தின்னாவிட்டால் தராசுக்குக் காத்திருக்காதீர்கள். குடல் நின்றுவிட்டால் ஒரு நாளில் உயிர் போகலாம்.

மாவட்டத்தின் அரச கால்நடை வைத்தியர்கள் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழி பார்ப்பவர்கள். தனியார் நிலையங்களில் நாயும் பூனையும். கினிப் பன்றி பார்ப்பார்களா என்று நோய் வருவதற்கு முன்பே கேட்டு வையுங்கள். சிக்கலானதற்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலை இருக்கிறது. வீட்டில் மீந்திருக்கும் அமொக்ஸிசிலினைக் கொடுத்துவிடாதீர்கள். அதுவும் பெனிசிலின், அம்பிசிலின், கிளிண்டமைசினும் இதன் குடலிலுள்ள நல்ல கிருமிகளை அழித்து, நஞ்சு சுரக்கும் கிருமிக்கு இடம் கொடுத்து, சில நாளில் கொன்றுவிடும். வைத்தியர் மருந்து எழுதும்போதும் "இது கினிப் பன்றி, வாயால் பெனிசிலின் வகை கொடுக்கலாமா" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை.

பயணம் காலை எட்டு மணிக்கு முன். காற்றோட்டமுள்ள பிரம்புக் கூடை, அடியில் துணி, ஒரு பிடி புல், ஒரு துண்டு வெள்ளரி. நோயில்லாததையும் கூடவே கொண்டுபோங்கள். பிரித்தால் இரண்டும் தின்னாமல் விடும், ஒரே மணம் கலையாமல் வந்தால் திரும்பியதும் சண்டையும் இருக்காது. கொப்பியையும் அன்றைய புழுக்கையில் கொஞ்சத்தையும் ஒரு பையில் எடுத்துச் செல்லுங்கள், வைத்தியர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.